ஆராய்ச்சிக்குப் பூக்கட்டிப் பார்த்தது

ஜூன் 11, 1985. செவ்வாய்

காலையிலிருந்தே மேல்காற்று. வீடெல்லாம் புழுதி. சைக்கிள் பஞ்சர். நடந்தே பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து அரியலூர். ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் (இனி பெ.டா.) வெகுநேரம் காக்க வைத்தார்.

நியூரோ லிங்குவிஸ்டிக் புரோகிராமிங். பல் உடையாமல் சொல்லி முடித்தேன். டிரெய்னிங் ஸ்கூலில் சைக்காலஜி நடத்துகிறவனுக்கு எதற்கு இந்த வேலை என்று நினைத்திருப்பார். ஆனாலும் கேட்டார். விபத்துக்குப் பிறகு கிணற்றைக் கண்டால் நடுங்குகிறவர்கள், செட்டிகுளம் பக்கம் எட்டுப் பேர். பேச்சாலும் மனத்தில் ஓட்டிப் பார்க்கும் படத்தாலும் அந்தப் பயம் போகுமா என்று சோதிக்க வேண்டும். அதற்கு ஓர் அறை, மேலிடத்துக்கு ஒரு சிபாரிசு.

பெ.டா.: "உங்க பேச்சால பயம் போச்சா, நாளானதால தானா போச்சான்னு எப்படித் தெரியும் தம்பி? பாதிப் பேருக்கு இப்பச் செய்ங்க. பாதிப் பேரு காத்திருக்கட்டும். யாரு எதுலன்னு நீங்க பொறுக்கக் கூடாது, குலுக்கிப் போடணும். ஊரு ஒத்துக்கிட்டா ரூம் தரேன்."

எரிச்சல். சரியான பேச்சு என்பதால் கூடுதல் எரிச்சல்.

ஜூன் 13. வியாழன்

செட்டிகுளம். பள்ளிக்கூட வராந்தாவில் எட்டுப் பேரும் வந்துவிட்டார்கள். முன்வரிசையில் பாப்பாத்தியம்மாள். போன வருஷம் கண்ணெதிரே கிணற்றுக் கரை சரிந்தது. அதிலிருந்து கிணற்றுப் பக்கம் போவதில்லை. மோட்டார் ரூம் கிணற்று மேட்டில். வெங்காயப் பயிர் தண்ணீரில்லாமல் காய்கிறது. வீட்டுக்காரர் துபாயில்.

"கரண்ட் வர்றப்பல்லாம் யாரு வூட்டு வாசல்லயாவது போயி நிக்க வேண்டியிருக்கு சார். மோட்டாரப் போட்டு விடுங்கன்னு."

முறையை விளக்கினேன். சினிமாக் கொட்டகையில் உட்கார்ந்திருப்பதாக நினையுங்கள். நடந்ததைத் திரையில் கறுப்பு வெள்ளையில் பாருங்கள். பிறகு படத்தைப் பின்னாலிருந்து முன்னால் ஓட்டுங்கள்.

"தரை டிக்கெட்டா சார், பெஞ்சா?" பாப்பாத்தியம்மாள்தான். ஒரே சிரிப்பு. எனக்கும்.

குலுக்கல் என்றதும் சிரிப்பு நின்றது. கிணறு வெட்டும் செல்லமுத்து எழுந்தார். மண் சரிந்து இடுப்புவரை புதைந்து பிழைத்தவர். மேட்டில் நிற்பார், உள்ளே இறங்கமாட்டார்.

"சீட்டு எழுதறது நீங்க, குலுக்கறதும் நீங்க. எதுவானாலும் எங்க தெருவுக்குக் கடைசியிலதான் வரும். இதுவும் அப்படித்தான் ஆவும்."

போய்விட்டார். பின்னாலேயே மற்றவர்களும். 

சம்சாரம் சரோஜா ராத்திரி சோறு போட்டுக்கொண்டே: "அந்த வைத்தியத்தோட பேரச் சொன்னப்பவே ஓடியிருக்கணும். பாவம், நல்ல சனங்க. உக்காந்து கேட்டுருக்காங்க."

ஜூன் 14. வெள்ளி

மனசு சரியில்லை. விட்டுவிடலாமா? மண்ணெண்ணெய், சோப்பு, சரோஜாவுக்குத் தலைவலி மாத்திரை. மாத்திரையை மறந்தேன், திட்டு.

சாயங்காலம் இருப்பு வெங்காயத்தை விற்க டவுனுக்கு வந்த பாப்பாத்தியம்மாள் வீடு தேடி வந்தார். தண்ணீர் குடித்தார். அப்புறம்:

"பூக்கட்டிப் பாத்தா என்ன சார்? நெலம் வாங்க, சம்பந்தம் பேச, எல்லாத்துக்கும் மலைக்குப் போயி அப்படித்தானே கேக்கறோம். முருகன் சன்னதியில வச்சு எடுத்தா ஒருத்தரும் வாய் தொறக்க மாட்டாங்க. செல்லமுத்துகிட்ட கேட்டுட்டேன். சரின்னுட்டாரு."

இலைப் பொட்டலத்துக்குள் வெள்ளைப் பூ வந்தால் இப்போது, சிவப்பு வந்தால் அப்புறம். துள்ளிக் குதிக்காத குறை. அவர் போனதும் பயம். பெ.டா. வாய்விட்டுச் சிரிப்பார்.

ஜூன் 17. திங்கள்

சிரிக்கவில்லை!

"பொட்டலமெல்லாம் ஒரே அளவா?" ஆமாம் சார். "உள்ள என்ன பூன்னு வெளியத் தெரியுமா?" தெரியாது சார். "கட்டற ஆளு வேற, எடுக்கற ஆளு வேறயா?" ஆமாம் சார்.

"அப்ப இதுதான் தம்பி குலுக்கல். சாமி முன்னாடி எடுத்தா என்ன, என் மேசையில எடுத்தா என்ன." கண்ணாடியைக் கழற்றினார். "ஒண்ணு மட்டும். பலிக்கலைன்னு வந்தாலும் அப்படியே எழுதணும். சம்மதமா?"

சம்மதம் என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று உறைத்தது. அங்கேயே சிபாரிசு எழுதிக் கொடுத்தார். வெளியே வந்து போண்டா, டீ, மறுபடி போண்டா. எத்தனை நாள் கழித்து ருசி தெரிந்து சாப்பிட்டேன்.

ஜூன் 21. வெள்ளி

மலை. காற்றில் வேட்டி நிற்கவில்லை. குருக்கள் உள்ளே போய்ப் பொட்டலம் கட்டினார். நந்தியாவட்டை நாலு, செவ்வரளி நாலு. தட்டில் கலந்து சன்னதியில் வைத்தார். கும்பிட்டு ஆளுக்கொன்று எடுத்தார்கள்.

செல்லமுத்துவுக்கு வெள்ளை. அவர் தெருக்காரர் இன்னொருவருக்கும் வெள்ளை. செல்லமுத்து பொட்டலத்தைத் திரும்பத் திரும்பப் பிரித்துப் பார்த்துக்கொண்டார்.

பாப்பாத்தியம்மாளுக்குச் சிவப்பு. மூன்று மாதம் காத்திருக்க வேண்டும்.

வழி சொன்னதே அவர்தானே. ஓரமாய்க் கூப்பிட்டு, "வேணும்னா உங்களுக்கு மட்டும் தனியா..." என்று ஆரம்பித்துவிட்டேன். நான்! பெ.டா.விடம் அத்தனை வாக்குக் கொடுத்தவன்!

"நல்லாருக்கே சார். சாமி குடுத்த பூவ நீங்க மாத்துவீங்களா? அப்புறம் செல்லமுத்து சொன்னதுதானே நெசமாப் போயிடும்?"

வெட்கமும் நிம்மதியும் சேர்ந்தே வந்தன. நிம்மதிதான் அதிகம். இனி என் கையில் ஒன்றும் இல்லை.

செல்லமுத்து காதில் விழுந்திருக்கிறது. படியில் பாதி இறங்கியதும் நின்று பாப்பாத்தியம்மாள் பக்கம் திரும்பினார்.

"உங்க மொற வர்ற வரைக்கும் கரண்ட் வந்தா நான் வந்து மோட்டாரப் போடறேங்க."

"வெடியக்காலம் நாலு மணிக்குத்தான் கரண்ட் வருது."

"வரேங்க."