ஓர் எழுத்தும் ஒரு புள்ளியும்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஆடிக் காற்று. கொடியில் காயப்போட்ட துணி முழுக்கப் புழுதி. மறுபடி துவைக்க வேண்டும்.

பூட்டுப் பட்டறை பாயின் எலக்ட்ரானிக் பூட்டுக்கு நான் எழுதிய புரோகிராம், கடைசிச் சோதனையில். முதல் பூட்டு எங்கள் நாகல் நகர் பெண்கள் விடுதி வாசலில்தான் மாட்டியிருக்கிறது. உள்ளே வரவும் வெளியே போகவும் அவரவர் ரகசியப் பெயரைத் தட்ட வேண்டும். பன்னிரண்டு அறை, பதினோரு பேர். பன்னிரண்டாவது அறை காலி.

என்னென்ன எழுத்து தட்டினால் கதவு திறக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் கருவி ஒன்றை ஓடவிட்டேன். பதினோரு பெயர் வர வேண்டும்.

ஆகஸ்ட் 6, புதன்

பதினொன்று வந்தது. கூடவே ஒன்று: ஏதோ ஓர் எழுத்து, ஒரு புள்ளி.

தப்பு என்னுடையதுதான். இனிஷியலைச் சிலர் முன்னால் போடுவார்கள், சிலர் பின்னால், சிலர் போடவே மாட்டார்கள். அதனால் இனிஷியலைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பார் என்று எழுதியிருந்தேன். வெறும் இனிஷியலை மட்டும் தட்டினால் மிச்சம் ஒன்றுமில்லை. காலி அறையின் பெயரும் ஒன்றுமில்லை. இரண்டும் பொருந்துகிறதாம். கதவு திறக்கிறது. அறிவுகெட்ட வேலை.

ஆகஸ்ட் 7, வியாழன்

பாய்க்கு போன். "ஏம்மா, நத்தம் ரோட்டு விடுதிக்கு நாளைக்கு வண்டியேத்தணும். வெரசா சரி பண்ணிரு."

சரி பண்ணுமுன் பூட்டின் பதிவைப் பார்த்தேன். பார்த்திருக்கவே கூடாது. சனிக்கிழமையிலிருந்து தினமும் காலை பத்தரைக்கு உள்ளே, மாலை நாலுக்கு வெளியே. அறை 12. தட்டிய எழுத்து: அ. மறுநாள் ஆ. பிறகு இ. ஈ. உ. இன்று ஊ.

பகலில் விடுதியில் இருப்பது நான் ஒருத்திதான். வாசல் ஒலிக்கும்போதெல்லாம் பொறுப்பாளர் ஸ்டெல்லாக்கா என்று நினைத்துவிட்டேன்.

அவரிடம் கேட்டேன். "பன்னெண்டுல யாரு இருக்கா? பூட்டித்தான் கெடக்கு. சாவி எங்கிட்டல்ல இருக்கு. பகல்ல நான் எங்க புள்ள இங்க வாரேன்?"

திறந்து காட்டினார். வெறும் கட்டில். தரையில் புழுதி, கால்தடம் இல்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஒரே வரி சேர்த்தேன்: மிச்சம் ஒன்றுமில்லையென்றால் திறக்காதே. கருவி இப்போது பதினொன்று மட்டும் என்கிறது. பதினோரு மணிக்குப் பூட்டில் ஏற்றினேன். பாய்க்குத் தகவல் சொன்னேன். அப்பாடா. பிரியாணி வரவழைத்து நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

3.40. பதிவை இப்போதுதான் பார்க்கிறேன். இன்று எ. உள்ளே வந்தது 10.32. வெளியே போகவில்லை.

வெளியே போகவும் அதே வாசல்தான். என் வரி அதற்கும் சேர்த்துத்தான்.

ஸ்டெல்லாக்கா போன் எடுக்கவில்லை.

4.00. வாசல் பூட்டு "தப்பு" என்று ஒலிக்கிறது, உள்பக்கத்திலிருந்து. பதிவில் எ. மறுப்பு. ஏ. மறுப்பு. ஐ. ஒ. ஓ. ஔ.

நின்றுவிட்டது. நடைச் சத்தம் வாசலை விட்டு என் அறைப் பக்கம்