கீழ்த்தளத்துப் பெஞ்சு

11-6-2024
1. நான் ஸ்டீபன்ராஜ், வயது ஐம்பத்திரண்டு, திண்டுக்கல். சட்டம் படித்தவன், வக்கீலாகப் பதிவு செய்துகொள்ளாதவன்.
2. நீதிமன்ற வளாகத்தின் கீழ்த்தளத்தில், ஓர் அறக்கட்டளையின் உதவி மேசையில் இருக்கிறேன். வக்கீல் இல்லாமல் வருபவர்களுக்கு வாய்தாத் தேதி, விசாரணைக் கூடம், மனு கொடுக்கும் இடம் ஆகியவற்றைச் சொல்வது என் வேலை. ஆலோசனை சொல்லக் கூடாது. கேட்டதற்கு மட்டும் பதில்.
3. மேற்கண்டவை உண்மை. பெருமைப்பட இவற்றில் ஏதுமில்லை.

இன்று பேகம்பூர் பக்ருன்னிசா வந்தார். அவர் குடியிருக்கும் வீடு தனக்கே உரியது என்று, இறந்துபோன கணவரின் அண்ணன் முனீர் வழக்குப் போட்டிருக்கிறார். "அவுக மவுத்தாகி வருசம் திரும்பல, சார். அதுக்குள்ள காலி பண்ணுங்கிறாரு." இலவச வக்கீலுக்கு விண்ணப்பிக்கும் இடத்தைக் காட்டினேன். வாய்தா 25 என்றேன்.

25-6-2024
இலவச வக்கீல் இன்னும் நியமிக்கப்படவில்லை. பக்ருன்னிசா தனியாகவே வந்தார். எந்தக் கூடம் என்று கேட்டார். கைப்பேசியில் பார்த்து, "இதோ எதிரில் இருப்பதுதான். பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள், இங்கேயே இருங்கள்" என்றேன். என் எதிர்ப் பெஞ்சில் மாலைவரை இருந்தார். கூடம் பூட்டியே கிடந்தது. நீதிபதி விடுப்பு என்று எண்ணினேன். எண்ணினேன் — விசாரிக்கவில்லை.

26-6-2024
மின்கசிவால் கூடத்தை மேல்மாடிக்கு மாற்றியிருக்கிறார்கள். வக்கீல்களுக்கு வாட்ஸ்அப் குழுவில் செய்தி போயிற்று. வக்கீல் இல்லாதவர்களுக்கு எந்தக் குழு? மாடியில் மூன்று முறை பெயர் சொல்லி அழைத்து, வரவில்லை என்று பதிந்து, முனீருக்கு ஒருதலைப்பட்சத் தீர்ப்பு.

28-6-2024
பக்ருன்னிசாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"இங்கனயே இருக்கச் சொன்னீக, இருந்தேன். ஒண்ணுக்குப் போகக்கூட எந்திரிக்கல. அம்புட்டு நேரமும் ஒங்க கொரலுதான் சார் கேட்டுச்சு. எம்பேரு கேக்கல."

கேட்டதற்கு மட்டும் பதில் என்ற விதிக்குள் ஒளிந்துகொள்ளத் தோன்றியது. சே.

8-7-2024
இலவச வக்கீலாக ஐரின் வந்துவிட்டார். தீர்ப்பை நீக்கக் கோரி மனுத் தயார். "அன்னிக்கு அவங்க வளாகத்துல இருந்தாங்கன்னு யாரு சார் சொல்லுவா?" என்று கேட்டார். டீக்காரர், தட்டச்சர், இரண்டு இளம் வக்கீல்கள் — எல்லோரும் பார்த்தவர்கள். இன்று அத்தனை பேருக்கும் மறதி நோய்.

அறக்கட்டளைச் செயலர் ரொனால்டு தொலைபேசியில்: "மேசை யார் பக்கமும் சாயக் கூடாது, பிரதர். நீங்க கூண்டுல ஏறுனா மேசையத் தூக்கிருவாக." மேசை யாருக்காகப் போடப்பட்டது என்று கேட்டேன். இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

10-7-2024
அவர் அன்று என் எதிரிலேயே இருந்தார் என்று பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்திட்டேன்.

22-7-2024
குறுக்கு விசாரணை. முனீரின் வக்கீல் ஆண்டனிராஜ் கேட்டார்: "ஒங்க போர்டுல 'தகவல் மட்டும்'னு எழுதியிருக்கே. சாட்சியும் சப்ளை உண்டா?" கூடம் சிரித்தது. "அன்று நான் தந்த தகவல் தவறு. அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றேன். சிரிப்பு நின்றது என்று எழுத ஆசை. நிற்கவில்லை.

14-8-2024
மனு அனுமதிக்கப்பட்டது. தீர்ப்பு நீங்கியது, வழக்கு மறுபடி நடக்கும். "இன்னும் எம்புட்டு நாளைக்கு சார்?" என்றார் பக்ருன்னிசா. அந்தத் தகவல் என்னிடம் இல்லை.

கீழே இறங்கி வந்தால், மேசை இல்லை. தரையில் நான்கு கால்களின் தடம் மட்டும். எதிர்ப் பெஞ்சில் நெய்க்காரப்பட்டியிலிருந்து வந்த ஒருவர், கையில் சம்மனோடு. "ஏனுங்க, இந்தக் கோர்ட்டு எங்கீங்க?"

மாடியில் என்றேன். பிறகு, அவரோடு கூடவே ஏறினேன்.

(ஒப்பம்) ஸ்டீபன்ராஜ்
சாட்சிகள்:
1. பக்ருன்னிசா, எதிர்ப் பெஞ்சு.
2. வேறு எவரும் முன்வரவில்லை.