சிவப்பாக மின்னிய சிக்னல்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் மகளும் சுகம். நீயும் உன் சம்சாரமும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். என் கையெழுத்தைப் பார்த்ததும் உனக்குப் பதறும். கெட்ட சேதி எதுவும் இல்லை, உட்கார்ந்து நிதானமாகப் படி. மகள் தானே எழுதித் தருகிறேன் என்றாள். நாலாம் வகுப்போடு நின்ற அம்மாவுக்கு இவ்வளவு எழுத வருமா என்று சிரிக்கிறாள். வராவிட்டாலும் இதை நான்தான் எழுத வேண்டும்.

உன் மாமா என்னை விட்டுப் போய்ச் சேர்ந்து பதினாலு மாதம் ஆகிறது. இப்போது பழைய வண்டிச் சந்தைக்கு வேலைக்குப் போகிறேன். கப்பலில் வந்து இறங்குகிற வண்டிகளைத் துடைத்து, சீட்டுக்கடியில் கிடக்கிற குப்பையை அள்ளி, விற்பனைக்குத் தயார் செய்கிற வேலை. போன வாரம் ஒன்றில் ஒற்றைக் குழந்தைச் செருப்பு கிடந்தது. எந்த நாட்டுப் பிள்ளையோ, தூக்கிப் போட மனம் வரவில்லை. எனக்குச் சம்பளம் தருகிற தரகருக்கு வாய்தான் நீளம், மற்றபடி நல்ல மனிதர்.

அங்கே ஒருவர் வருவார். வாங்கவும் மாட்டார், விற்கவும் மாட்டார். அமெரிக்க டிரக் எது வந்திருக்கிறது என்று கண்டுபிடித்துப் படம் எடுத்து நோட்டில் எழுதிக்கொள்வார், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராம். சந்தையில் அவர் காதுபடவே 'லாரிப் பைத்தியம்' என்பார்கள். அவரும், "சரி, பைத்தியத்துக்கு ஒரு டீ சொல்லுங்க" என்று சிரிப்பார். என்னிடம் வந்து, "அம்மா, இந்த மூலைய மட்டும் தொடைங்க, எழுத்து தெரியல" என்று கேட்பார். துடைக்கத் துடைக்க எனக்கும் அது பிடிபட்டுவிட்டது. வண்டியின் பக்கவாட்டில் முன் மூலையில் மஞ்சளாகவும் பின் மூலையில் சிவப்பாகவும் குட்டி விளக்கு இருந்தால் அது அமெரிக்காவில் ஓடினது. ஓடின தூரம் மைலில் இருக்கும். வாங்க வருகிறவர்கள் அதைக் கிலோமீட்டர் என்று நினைத்து, "அட, ஓடவே இல்லையே" என்று பூரித்துப் போவார்கள். தரகர் திருத்த மாட்டார், வானத்தைப் பார்ப்பார்.

போன மாதம், அன்றைக்கு நீ ஓட்டினாயே, அதே மாதிரி பெரிய மூக்கு டிரக் ஒன்று வந்து நின்றது. துணியைப் பிடித்துக்கொண்டு பின்னால் சும்மா நின்றேன். வாத்தியார் வந்து குனிந்து பார்த்து, "இதுக்குப் பின் லைட்ட இன்னும் மாத்தலையா" என்றார். ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டேன். அந்த நாட்டில் நிறைய வண்டிகளில் பிரேக்குக்கும் சிக்னலுக்கும் பின்னால் ஒரே விளக்குதான், இரண்டுக்கும் சிவப்பாகவே எரியும், மஞ்சளைப் பார்த்துப் பழகினவர்களுக்கு விளங்காது என்று சொன்னார்.

தம்பி, அதற்குமேல் நான் தாமதிக்கவில்லை. தரகரிடம் சாவி கேட்டு வாங்கி வாத்தியாரை உள்ளே உட்கார வைத்தேன். உன் மாமா மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்திருக்கும் தூரத்தில், ஓரமாகப் போய் நின்றேன். சிக்னல் போடச் சொன்னேன். சிவப்பு மின்னியது. பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கச் சொன்னேன். அப்போதும் சிவப்பு மின்னியது. ஒரு பக்கம் மட்டுமா, இரண்டு பக்கமுமா என்று உற்றுப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரிகிறது. ஓட்டி வருகிறவருக்கு அதற்கு ஏது நேரம்? மூன்று தரம் போடச் சொல்லிப் பார்த்தேன்.

சந்துக்குள் திரும்பும்போது சிக்னல் போட்டேன் அக்கா என்று அன்றைக்கு நீ கதறினாய். சந்துக்கு எதிர்க்கடைத் தையல்காரர், வண்டிக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு எரியவே இல்லை, என் கண்ணால் பார்த்தேன் என்றார். நான் அவரை நம்பினேன். கூடப் பிறந்தவனைப் பொய்யன் என்றேன், என் வாசலை மிதிக்காதே என்றேன். நீயும் கண்காணாத தூரத்துக்குப் போய்விட்டாய். நாய் குறுக்கே வந்தாலும் நின்று போகிற உன் மாமா, வண்டி திரும்புகிற பக்கமே ஏன் முந்தப் போய் அடிபட்டார் என்று நானும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டேன். நீ சும்மா பிரேக் பிடித்துப் பிடித்து மெதுவாகப் போகிறாய் என்று நினைத்திருக்கிறார். அவ்வளவுதான் தம்பி. நீயும் பொய் சொல்லவில்லை, அவரும் கண்ணை மூடிக்கொண்டு வரவில்லை.

தையல்காரரையும் கூட்டிப்போய்க் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "மஞ்சளத் தேடுன கண்ணுக்கு இது தெரியலையேம்மா" என்று அழுதுவிட்டார். போலீசில் வந்து சொல்கிறேன் என்றார். சொல்லியும் விட்டார்.

நீ வண்டியையே தொடுவதில்லை, கிடங்கில் பெட்டி தூக்குகிறாய் என்று உன் சம்சாரம் மகளிடம் சொன்னாளாம். "சிக்னல் போடலையோ என்னவோ, எனக்கே தெரியல" என்று புலம்புகிறாயாம். நான் சொல்லிச் சொல்லித்தானே உனக்கே அந்தச் சந்தேகம் வந்தது. வாத்தியார் எடுத்த இரண்டு படம் இதோடு வைத்திருக்கிறேன். ஒன்று பிரேக், ஒன்று சிக்னல். இரண்டுமே ஓரத்திலிருந்து எடுத்தது. எது எது என்று பின்னால் எழுதித் தந்திருக்கிறார். திருப்பாமல் பார், உன்னால் சொல்ல முடிகிறதா என்று.

வாத்தியாருக்குக் கையெடுத்துக் கும்பிட்டு நன்றி சொன்னேன். "நான் சும்மா வண்டி பாக்க வந்தவன்மா" என்று கூச்சப்பட்டார். இப்போது அமெரிக்க டிரக் எது வந்தாலும் முதலில் பின்பக்கம்தான் போகிறேன். சிவப்புச் சிக்னல் என்றால் மஞ்சள் மாட்டும்வரை துணியைத் தொடுவதில்லை. "நீ தொடைக்க வந்தியா, வண்டி சோதிக்க வந்தியா?" என்று தரகர் கத்துகிறார். கத்திக்கொண்டே மாட்டுகிறார்.

உனக்கும் ஒரு நன்றி பாக்கி இருக்கிறது. அன்றைக்கு நீ ஓடிப் போயிருக்கலாம். வேறு வண்டியை மறித்து, உன் மாமாவை மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் பேசிக்கொண்டே போனாயாம். நர்ஸம்மா சொன்னார். நான் இருக்க வேண்டிய இடத்தில் நீ இருந்தாய். அவர் தனியாகப் போகவில்லை.

லீவு கிடைத்ததும் மூன்று பேரும் வாருங்கள். உன் மாமாவின் தங்கைக்கு இதை நேரில் போய்ச் சொல்ல வேண்டும், பஸ்ஸில் போனால் எனக்கு வாந்தி வருகிறது. வாடகைக்கு ஒரு வண்டி எடுப்போம். வேறு டிரைவர் வேண்டாம், நீயே ஓட்டு. நான் முன்சீட்டில் உன் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன்.

நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அக்கா