பூட்டிய மோடம்

ஆடி, 2007. செவ்வாய் இரவு.

நாளைக் காலை என் பிரவுசிங் சென்டர் திறப்பு. செகண்ட் ஹேண்டில் வாங்கிய மோடமோ இன்று சாயங்காலம் வரை பாஸ்வேர்டு கேட்டே என் உயிரை வாங்கியது. முன்பு வைத்திருந்தவர் போட்ட பூட்டு. ரீசெட் பொத்தான் உடைந்திருந்தது. விற்றவன் போனையே எடுக்கவில்லை.

அக்கா வீட்டுக்காரர் கடை வாசலில் நின்று சிரித்தார். "புதுசா வாங்குன்னு தலப்பாடா அடிச்சிக்கினேனே, கேட்டியா?"

"கொஞ்சம் கம்முனு இருங்க பாவா."

முருகன், வேலன், வள்ளி என்று இந்த முருகன் மலை ஊர்க்காரர்கள் பாஸ்வேர்டாக வைக்கக்கூடிய பெயரையெல்லாம் ஆங்கில எழுத்தில் அடித்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அப்போது தெருவில் ஒரு காவடிக் கூட்டம் "அரோகரா" என்று முழங்கிக்கொண்டு மலைக்குப் போனது. அதையே அடித்தேன். திறந்துகொண்டது!

பாவா சிரிப்பை நிறுத்திவிட்டார். "ஆங், நீ கில்லாடிதாம்மா" என்றார். அக்காவைக் கட்டிய நாளிலிருந்து அவர் வாயில் வராத வார்த்தை.

முன்பு வைத்திருந்தவரின் விவரங்களை ஒன்றுவிடாமல் அழித்தேன். இன்டர்நெட் ஜோராக ஓடுகிறது. நாளை கடை திறக்கும், எவன் தடுப்பான்!

எழுதும்போதுதான் உறைக்கிறது. என் மெயிலுக்கு நான் போட்ட பூட்டும் அதே அரோகராதான்.