எதிர்க் கட்டில்காரன்

அன்புள்ள அம்மாவுக்கு, கர்த்தருக்குத் தோத்திரம். இருமல் தேவலையா?

வெல்டிங் வெளிச்சம் பட்டு, இரண்டு நாள் என் கண்ணைக் கட்டியிருந்தார்கள். பயப்படாதீர்கள், இப்போது தெரிகிறது. வேலை முடிந்ததும் முதலாளி ஆட்கள் எங்கள் அறையை வெளியே பூட்டிவிட்டுத்தான் போவார்கள், எங்கள் பத்திரத்துக்காம். யாரோ சோறு ஊட்டினார்கள்.

“யாருப்பா?”

“எதிர்க் கட்டில்காரன்தாண்ணே. வாயத் திறங்க.”

திமிர் பிடித்தவன் என்று எட்டு மாதமாக நான் பேசாதவன். ‘துணைக்கு ஒரு ஆளைக் காட்டும் ஆண்டவரே’ என்று தினமும் அழுதேன். அவர் நான்கடி தூரத்தில் காட்டியிருந்தார். எனக்குத்தான் கண் தெரியவில்லை.

கட்டை அவிழ்த்துவிட்டார்கள். கதவும் பாஸ்போர்ட்டும் இன்னும் முதலாளி பூட்டில்தான். என் கண்ணுக்குப் பெரிய எழுத்து வேதாகமம் ஒன்று அனுப்புங்கள். எதிர்க் கட்டில்காரனுக்குக் கடிதம் போட யாருமில்லை. அடுத்த கடிதத்தில், அவன் சாப்பிட்டானா என்றும் ஒரு வரி கேளுங்கள்.

வேலை மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகன்