வெயிலிலும் கம்பளி

6.2.74, புதன்
காலையில் பனி. பத்து மணிக்கு நல்ல வெயில். லெட்சுமியைப் பற்றிப் பதுளை டாக்டருக்கு எழுத வேண்டியவை:
1. வயது 38. தேயிலைக் கொழுந்து பறிப்பவள். ஒரு வருடமாகக் களைப்பு, மலச்சிக்கல்.
2. சோகை. பூச்சி மருந்து, இரும்பு மாத்திரை கொடுத்தேன். பலன் இல்லை.
3. முகம் உப்பல், குரல் கரகரப்பு.
4. பேச்சுக் குறைவு. சுபாவமே அப்படி.

எழுதும் எண்ணம் என்னுடையதல்ல. மிட்வைஃப் ரோஸம்மா மலைக்குப் போய்வந்து சொன்னது: "எல்லாரும் கம்பளிய அவுத்து வச்சிட்டாங்க ஐயா. இவ மட்டும் மத்தியான வெயில்ல போத்திக்கிட்டு நிக்கிறா. கையைத் தொட்டா சில்லுனு இருக்கு."

மலையில் வேலை வாங்கும் கங்காணி சொல்வது வேறு. "வேலைக்கள்ளி. கேட்டா குளிருதாம்." மாத முடிவில் வேலைப் பதிவில் பெயர் வெட்டுவார்களாம். பெயர் போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும். இரண்டு பிள்ளைகள்.

தோட்டத்து ஆபீஸ் நம்பியிருப்பது டிசம்பரில் டிஸ்பென்சராக நான் கொடுத்த சீட்டை: 'நோய் இல்லை.' தைரொயிட் நினைவு வராமல் இல்லை. கழுத்தைத் தடவினேன், கழலை இல்லை, அத்தோடு விட்டேன்.

11.2, திங்கள்
பசறை பஸ்ஸில் நான், ரோஸம்மா, லெட்சுமி மூவரும் பதுளைக்கு. லெட்சுமி வழியெல்லாம் தூக்கம்.

டாக்டர் இளவயது. அவளை நாற்காலியில் முழந்தாளிட வைத்துக் குதிகாலுக்கு மேல் சிறு சுத்தியலால் தட்டினார். பாதம் சட்டென்று உதறியது. திரும்பி வர மட்டும் மனமில்லாததுபோல் மெல்ல, மெல்ல. தைரொயிட் குறைவுக்கு எவ்வளவு எளிய சோதனை. எவ்வளவு அழகு.

"கழலை இல்லாமலும் தைரொயிட் குறையும்" என்றார். இரத்தம் கொழும்புக்கு. மாத்திரை இன்றே, சிறு அளவில். "கம்பளியைக் கவனிச்சது யாரு?" என்று கேட்டார். ரோஸம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ரோஸம்மா என்று நான்தான் சொன்னேன். நாற்பது வருடம் மருந்து கலக்கிய எனக்குத் தெரியாதது.

12.2, செவ்வாய்
ஆபீஸ். பெரிய கிளாக்கர்: "அப்ப முந்தி எழுதிக் கொடுத்தது?"
தவறு என்றேன். புதிய சீட்டு எழுதிக் கொடுத்தேன். ரிப்போர்ட் வரும்வரை பெயர் இருக்கும்.

28.3, வியாழன்
மழை. ஸ்டவ் திரி வாங்க வேண்டும்.
ரிப்போர்ட் வந்தது. டாக்டர் சொன்னதேதான். பெயர் நிற்கிறது.

காலையில் டிஸ்பென்சரி வரிசையில் லெட்சுமி. முகத்தில் உப்பல் வடிந்து கன்ன எலும்பு தெரிகிறது. விரலை வெட்டிக்கொண்ட கங்காணி வாசலில் தயங்கி நின்றார்.

"உள்ள வாங்க கங்காணி. மலையில அந்த அதட்டு அதட்டுறீங்க, ஊசின்னா இப்படி நெளியுறீங்களே." லெட்சுமிதான்.

வரிசையே சிரித்தது. அடுத்தது எனக்கு. "மருந்தையா, என் மாத்திரையில நீங்களும் ஒண்ணு போட்டுக்கங்க. ஒரு சீட்டு எழுத எம்புட்டு நேரம்?"

ரோஸம்மா என்னிடம் மெதுவாக: "ஐயா போன ஆவணியிலதானே இங்க வந்தீங்க. அதுக்கெல்லாம் முந்தி இவ வாய்க்குப் பயந்துதான் பழைய கங்காணி வேற மலை கேட்டு வாங்கிட்டுப் போனாரு."

கடிதத்தின் நான்காவது குறிப்பு, 'சுபாவமே அப்படி', தவறு. டாக்டருக்கு எழுத வேண்டும்.