மாமா என்று எழுதினாலும்

தெனாரு ஆற்றங்கரை, குவாதல்கனால் தீவு
செப்டம்பர் 1999

அன்புள்ள ஹில்டாவுக்கு,

காஸ்பர் எழுதுவது. உயிரோடு இருக்கிறேன், தலைக்குமேல் கூரையும் இருக்கிறது. நீயும் நம் ஜெமிமாவும் உங்கள் மலைட்டா தீவுக்குப் போய்ச் சேர்ந்து, அவுக்கியில் உன் அண்ணன் வீட்டில் இருப்பதாகப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. கடிதத்தைக் கொண்டுவந்த சபைத் துறவி, சகோதரர் ஜூடா, பாவம், வழியில் துப்பாக்கிப் பையன்கள் நிற்கும் இரண்டு தரப்புத் தடுப்புகளிலும் பையைக் கொட்டிக் காட்டியிருக்கிறார். அங்கியும் கைத்தடியும் பார்த்து அவரை மட்டும் எல்லாப் பையன்களும் விட்டுவிடுகிறார்கள். இந்தக் கடிதமும் அவர் கையில்தான் வருகிறது.

எங்கள் பையன்கள் துரத்தியதில் உங்கள் ஊர்க்காரர்கள் ஒருவர்கூட இந்தப் பக்கம் இல்லை. அவர்கள் இருந்த வரிசை வீடுகள் கூரையில்லாமல் நிற்கின்றன. பனையெண்ணெய்த் தோட்டத்தை மூடிவிட்டார்கள், பழமெல்லாம் மரத்திலேயே அழுகி ஊரே நாறுகிறது. தலைநகர் ஹோனியாராவில் பெரிய மனிதர்கள் சமாதானம் பேசுகிறார்கள். பேசட்டும். வெள்ளைக்காரன் ஆயிரம் தீவை ஒரு கொடியில் சுற்றி, இந்தாங்கடா உங்கள் நாடு என்று கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினான். ஒரே தீவில் இருபது வருஷம் பக்கத்துப் பக்கத்தில் கிழங்கு நட்டவர்களுக்கு, நீ யார் நான் யார் என்று இப்போதுதான் தெரிந்திருக்கிறது.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். என் சமையல் லட்சணம் உனக்குத் தெரியாததா? வள்ளிக்கிழங்கு அடிப்பிடிக்கிறது, தேங்காய்ப்பால் திரிகிறது. கை இன்னும் மூன்று பேருக்குத்தான் கிழங்கு உரிக்கிறது. மிச்சத்தைத் தின்று நாய் கொழுத்துவிட்டது. சாயங்காலம் வெற்றிலைபாக்கு போட உட்கார்ந்தால் சுண்ணாம்பு நீட்ட ஆளில்லை. தனியாக இருக்கிறேன், ஹில்டா. இதை வேறு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன்.

மச்சான் சிலாஸ் ஜெமிமாவைத் தன் மகளாக ஏற்று விருந்து வைக்க நினைக்கிறார், அதற்கு என் சம்மதம் வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் எனக்கு வந்த கோபத்தில் கடிதத்தை அடுப்பில் போடப் போனேன். பெற்றவன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது இவர் யார் என் பிள்ளைக்கு அப்பனாக?

அப்புறம் யோசித்தேன். நம் கல்யாணத்தில் எவ்வளவு சிரித்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? உங்கள் தீவில் பிள்ளை அப்பன் வழி. அதனால் உன் பெரியப்பா, “பொறக்கிறதெல்லாம் அவங்களுக்குப்பா” என்று கை கழுவிவிட்டார். எங்கள் தீவில் பிள்ளை அம்மா வழி. எங்கள் மாமன்மாரும், “நமக்கென்ன, எல்லாம் அவங்க பிள்ளைங்க” என்று பன்றிக்கறியை வெட்டினார்கள். ஆளுக்கு ஆள் தாராளமாகத் தூக்கிக் கொடுத்ததில் நம் பிள்ளைக்கு இரண்டு தீவிலும் ஒரு வள்ளிக்கொடி நட இடமில்லாமல் போனது. நல்ல காலத்தில் இது வேடிக்கை. இப்போது ஒவ்வொரு தடுப்பிலும் ஒரு பையன் கேட்கிற முதல் கேள்வியே, நீ எந்த வழி என்பதுதான்.

உன்னிடம் மறைக்கவில்லை, இங்கேயும் ஒரு பேச்சு நடந்தது. மார்சலா அக்கா தானாகவே வந்தாள். “பன்றி நான் தர்றேன்டா தம்பி, விருந்தும் நானே வைக்கிறேன். புள்ளைய எனக்குப் பொறந்ததுன்னு ஊர் முன்னாடி சொல்லிடுறேன். ஒரு பய வாயத் தொறக்க மாட்டான். ஆனா அவ அம்மாவ மட்டும் கூட்டிட்டு வந்துடாத. அந்தப் பாஷையும் இந்த வீட்ல கேக்கக் கூடாது” என்றாள். அக்கா கெட்டவள் இல்லை, பயந்திருக்கிறாள். அவள் மகனே தடுப்பில்தான் நிற்கிறான், அந்தக் கால உலகச் சண்டையில் புதைந்த துருப்பிடித்த குண்டுகளைத் தோண்டி எடுத்துக்கொண்டு.

எனக்கு ஆசை வந்தது. பிள்ளை என் கண்முன்னால் இருப்பாள், நான் அவளுக்குத் தாய்மாமன் ஆவேன், எங்கள் ஊரில் அப்பனைவிட அது பெரிய உறவுதானே என்றெல்லாம் கணக்குப் போட்டேன். சம்மதம் சொல்ல அக்கா வீட்டுக்குக் கிளம்பியும் விட்டேன். பாதி வழியில்தான் உறைத்தது: ஜெமிமா தூக்கத்தில் பேசுகிறவள். கோழியைத் துரத்துவாள், நாயைத் திட்டுவாள், எல்லாம் உன் பாஷையில்தான். விழித்திருக்கும் வாயை அடக்கலாம். தூங்குகிற வாயை யார் அடக்குவது? மெல்லிய சுவருக்கு அந்தப் பக்கம் துப்பாக்கியோடு படுத்திருக்கும் அக்கா மகனுக்கு அது கேட்டால்? அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

அதனால் மச்சானிடம் சொல், எனக்குச் சம்மதம். விருந்தைக் குறைவில்லாமல் வைக்கச் சொல். எனக்கு அவர்மேல் வருத்தம் இல்லை. பொய், இருக்கிறது, அதைச் சொல்ல வேண்டாம். அவர் பங்கு நிலத்தில் அவளுக்கும் ஒரு மூலை உண்டு என்று உங்கள் பெரியவர்கள் எல்லோர் காதிலும் விழும்படி அவரைச் சொல்ல வை. ஒருத்தர் விடாமல் கேட்க வேண்டும்.

நீ அழாதே. உன் அண்ணன் மகள் என்றால் ஊர் வழக்கப்படி நீ அவளுக்கு அத்தை, அவ்வளவுதான். ஆனாலும் ராத்திரி உன் பக்கத்தில்தானே படுப்பாள்.

ஒரே ஒரு வேண்டுதல். விருந்துக்கு முன்னால், பன்றியைக் கட்டுவதற்கு முன்னால், அவள் கையால் எனக்கு ஒரு கடிதம் எழுதச் சொல். என்ன வேண்டுமானாலும் எழுதட்டும், பிழை இருந்தாலும் திருத்தாதே. முதல் வரியில் மட்டும் அப்பா என்று இருக்கட்டும்.

உங்கள் இருவரையும் கடவுள் கைவிடாமல் காக்கட்டும். அதற்குப் பிறகு அவள் மாமா என்று எழுதினாலும் பிரித்துப் படிப்பேன்.

உன்
காஸ்பர்